மடியில் மல்லிகைப்பூ

பஸ்ஸில் அடுத்தவர் பேச்சைக் கேட்பதில் எனக்கு வெட்கம் கிடையாது. திண்டுக்கல்லில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தார்கள் ஓர் அம்மாவும் அவருடைய நாத்தனாரும். அம்மாவின் மடியில் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய மல்லிகைப்பூப் பை.

“பைய என்கிட்டக் குடுங்க மதினி. ஒங்களுக்குத்தான் மல்லிகப்பூன்னா பயமாச்சே.”

“அது போன வருசம். பஸ்சு கவுந்தப்ப பூமூட்டைக்கு அடியிலதான கெடந்தேன்? அதுலருந்து அந்த வாசம் வந்தாலே கை நடுங்கும். கவுத்தது டிரைவரு, பூவு என்ன செஞ்சுச்சு? புத்திக்குத் தெரிஞ்சுச்சு, கைக்குத் தெரியலையே.”

“பெறகு அந்தப் பயம் எப்படிப் போச்சு?”

“ஒங்கண்ணன்தான். நான் டிவில நாடகம் பாக்குறப்ப வாசப்படில ஒத்தப் பூவ வைப்பாரு. கை நடுங்கலன்னா மறுநா கொஞ்சம் கிட்ட வரும். நடுங்குனா அங்கனயே இருக்கும். இப்பத் தலையில வச்சிருக்கேன், பாரு.”

செம்பட்டிக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் அடித்த பிரேக்கில் பஸ்ஸே அலறியது. எல்லோரும் கம்பியைப் பிடித்தோம். அந்த அம்மா மட்டும் பையைப் பிடித்திருந்தார். பஸ் நின்றதும் அதைத் திறந்து, முகத்தை உள்ளே விட்டு நிதானமாக மூச்சை இழுத்தார்.

“ஒண்ணுகூட நசுங்கல” என்றார்.