சிவப்புப் பட்டனுக்கு ஒரு பெயர்

வெள்ளிக்கிழமை காலை 8.10, திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் லேப்டாப்.

"அழிக்கிற பட்டன மட்டும் சிவப்பாக்கச் சொல்லி கம்ப்யூட்டர்ல எழுதுனேன்டி. எல்லாப் பட்டனும் சிவந்துடுச்சு. பத்து மணிக்கு நெல்லு மண்டில இந்தப் புரோகிராமக் காட்டணும். இத்தப் பாத்தா மண்டிக்காரரு வேற ஆளத் தேடிக்குவாரு."

"அந்தப் பட்டனுக்குப் பேரு வெச்சியா?" என்றாள் தோழி.

"பட்டனுக்கு எதுக்குடி பேரு?"

"பேரு சொல்லாம 'ஏ பொண்ணே'ன்னு கூப்ட்டா பஸ்ஸே திரும்பிப் பாக்கும். பேரு வெச்சி, அந்தப் பேருக்கு மட்டும் சிவப்பு குடு."

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும்வரை தட்டிக்கொண்டிருந்தவள் தோழியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வந்துடுச்சுடி. அது ஒண்ணுதான் சிவப்பு."

"இன்னா பேரு வெச்சே?"

"உம்பேருதான்."

"போயும் போயும் அழிக்கிறதுக்கா?"