வாசப்படியில் பார்த்த வைத்தியம்

— அந்தப் போர்வையைத் துவைக்காதேன்னு சொல்றேன்ல. இங்க கொடுக்கா.

— விடுடா. நேத்து சீமாட்டியைப் புதைச்சுட்டு வந்ததுலேர்ந்து மூலையிலயே கிடக்கு. நாத்தம் குடலைப் புடுங்குது.

— அந்த நாத்தம் எதுனாலன்னு தெரியுமா உனக்கு?

— வயசான நாய், அப்படித்தான் இருக்கும். நீதானே சொன்னே?

— நான்தான் சொன்னேன். அதைப் பத்திப் பேசத்தான் இன்னிக்கு கிளினிக்கைப் பூட்டிட்டு வந்திருக்கேன்.

— அடேயப்பா! மாட்டு டாக்டர் கிளினிக்கைப் பூட்டிட்டாரா? அக்கா பிரசவத்துக்கே சாவகாசமா வந்த ஆளாச்சே!

— கிண்டல் பண்ணாதேக்கா. என் மூஞ்சியைப் பாரு.

— நீ பேசு, எனக்குக் காது கேக்குது. கை வேலையா இருக்கு.

— சீமாட்டி வயசாகிச் சாகலை. கர்ப்பப்பையில சீழ். குழியில இறக்கும்போது வாலுக்குக் கீழ சீழ் வடிஞ்சிருந்ததைப் பார்த்தேன். அப்பவே எனக்கு உயிர் போயிடுச்சு.

— ம்.

— தண்ணி தண்ணியா குடிக்குது, சாப்பாட்டைத் தொட மாட்டேங்குது, வயிறு உப்பிக்கிட்டே போகுதுன்னு நீ எல்லாத்தையும் ஒழுங்காத்தான் சொன்னே. இதுக்கு மேல என்ன சொல்லணும் ஒரு டாக்டருக்கு?

— அன்னிக்கு உனக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம்டா.

— எனக்கு வக்காலத்து வாங்காதே! ஷூவைக் கழட்டச் சோம்பல், அவ்வளவுதான். வாசப்படியில நின்னுக்கிட்டே, "வயசாச்சுக்கா, வாயுவா இருக்கும், டானிக் ஊத்து"ன்னுட்டுப் போயிட்டேன். அது பாவம், முடியாதப்பவும் வாலை ஆட்டிக்கிட்டு என்கிட்ட வந்துச்சு. குனிஞ்சு வயித்தைத் தொட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

— போதும்டா.

— ஆபரேஷன் பண்ணியிருந்தா இன்னும் நாலஞ்சு வருஷம் உன் காலைச் சுத்திக்கிட்டுக் கிடந்திருக்கும்.

— போதும்னு சொல்றேன்ல!

— திட்டுக்கா. ரெண்டு அறை விடு. அதை விட்டுட்டு, என் தம்பி எவ்வளவோ பார்த்தான்னு தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கே. எதிர்வீட்டம்மா என் கையைப் புடிச்சு ஆறுதல் சொல்றாங்க. நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. நாளைக்கு இன்னொருத்தர் நாயைத் தொட எனக்கு எந்த மூஞ்சி இருக்கு, சொல்லு?

— உன்னைத் திட்ட எனக்கு வாய் வரலைடா.

— ஏன்? டாக்டர் தம்பிங்கிற மரியாதையா?

— எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

— என்னக்கா உளர்றே?

— நீ வந்துட்டுப் போன மறுநாள் அது எந்திரிக்கவே இல்லை. வெளியூர்ல இருக்கிறவனைத் தொல்லை பண்றோமேன்னு உனக்குப் போன் போடக் கூச்சம். ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல இருக்கிற டாக்டரம்மாகிட்ட போனேன்.

— என்கிட்ட சொல்லவே இல்லையே! அவங்க என்ன சொன்னாங்க?

— கர்ப்பப்பையில சீழ், இப்பவே வயித்தைத் திறக்கணும்னாங்க. என் தம்பிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சான்னு அவங்க மேல பாய்ஞ்சு, மேஜை மேலேர்ந்து அதைத் தூக்கிக்கிட்டு வந்தது நான்தான்டா.