சிவப்பு வராத திரை

எனக்குக் காத்திருப்பது பிடிக்காது, சார். சில்க் போர்டு சிக்னலில் நின்றாலும் ஹாரன் அடிக்க மாட்டேன். உள்ளுக்குள் மட்டும் எரியும். என் வேலையும் கிட்டத்தட்ட அந்த டிராபிக் போலீஸ் வேலைதான்.

நான் டெரிக். ஆஞ்சலா மேடம் இறந்தார் என்று நீங்கள் நர்ஸ் நிக்கோலைப் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அந்த மருத்துவமனையின் டேட்டாபேஸைக் கண்காணிப்பவன். வார்டிலிருந்து யார் என்ன கேட்கிறார்கள், யாருக்கு இன்னும் பதில் போகவில்லை என்பதெல்லாம் என் எதிரே சுவரில் ஒரு பெரிய திரையில் ஓடும். சீராக ஓடினால் பச்சை, நெரிசலானால் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் எனக்கு அவமானமாக இருக்கும்.

நெரிசலுக்குக் காரணம் அலர்ஜி சோதனை. ஊசி போடுமுன் நோயாளியின் பழைய ரெக்கார்டுகளை எல்லாம் அது தேடும். பல வருஷமாக வருகிறவர் என்றால் ஆமை வேகம். மற்ற வேலைகள் அதன் பின்னால் வரிசைகட்டி நிற்கும். நான் அதைப் பாதியில் நிறுத்திவிடுவேன். உடனே பச்சை.

அந்தப் புரோகிராமை எழுதும் தாரணி ஒருநாள் என் மேசைக்கே வந்தாள்.

"டெரிக், தயவுசெஞ்சு அதைப் பாதியில நிறுத்தாதீங்க. பதில் வரலைன்னா வார்டு ஸ்கிரீன்ல 'அலர்ஜி இல்லை'ன்னு வந்துடுது. எங்க தப்புதான், இந்த வாரம் சரி பண்ணிடறோம். அதுவரைக்கும் சிவப்பா இருந்தா இருக்கட்டும்."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். மறுநாளே மேலாளர் ஹரிஷ்குமார் மும்பை தலைமை அலுவலகத்து ஆட்களை என் திரையைக் காட்ட அழைத்து வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபோது திரை சிவக்கத் தொடங்கியது. போன் அடித்தது. நிக்கோல்.

"சார், ஆஞ்சலா மேடத்துக்கு ஊசி போடணும். அலர்ஜி செக் சுத்திக்கிட்டே இருக்கு. கொஞ்சம் பாருங்க சார்."

ஆஞ்சலா மேடம் மர்பி டவுனில் எங்கள் தெரு. சர்ச்சில் எங்களுக்கு முன் பெஞ்சு. பென்சிலினால் ஒருமுறை அவர் செத்துப் பிழைத்தது தெருவுக்கே தெரியும். டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என்ன ஊசி என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

"இப்ப வந்துடும்மா," என்று சொல்லிச் சோதனையைப் பாதியில் நிறுத்தினேன்.

"ஆய்த்து சார், வந்துடுச்சு. அலர்ஜி எதுவும் இல்லையாம். தேங்க்ஸ் சார்."

"சரிம்மா," என்று போனை வைத்தேன். பின்னால் யாரோ 'சூப்பர்' என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நிக்கோலை விட்டுவிடுங்கள். அவள் ஸ்கிரீனை நம்பினாள், அவ்வளவுதான். ஆஞ்சலா மேடத்தைக் கொன்றது நான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். அந்தப் பென்சிலின் ஊசி ஏறும்போது என் சிஸ்டத்தில் ஒரு குறையும் இல்லை. திரை முழுக்கப் பச்சை.