ஏழாம் நம்பர் வாசிப்பு

— நெட்டு ஸ்லோ, நெட்டு ஸ்லோன்னு இதோட மூணாவது தடவை போன்ல சொல்றீங்க அன்பரசன் சார். தஞ்சாவூர் டவுனுக்குள்ள இருக்குற உங்க ஆபீசுக்கு நெட்டு ஸ்லோ, தாராசுரத்துல ஒரு சந்துக்குள்ள இருக்குற எங்க ஹாஸ்டலுக்கு மட்டும் வேகம். நம்புற மாதிரியா இருக்கு?

— ஒரு பாடம்தானேம்மா ரிஃப்கா. பாப்போம். அனுப்புறேன்.

— பாப்போம்னா எப்ப சார்? இன்னைக்குப் புதன். ஞாயித்துக்கிழமை எனக்கு அரசு வேலைக்கான பரீட்சை. குடிமையியல் முப்பத்திரண்டு பாடத்துல முப்பத்தொண்ணு வந்துருச்சு. கடைசி ஒண்ணு பாக்கி. உள்ளாட்சி. அதுலேருந்துதான் சார் அஞ்சு கேள்வியாச்சும் கேப்பான்.

— தெரியும்மா. அதாவது, அதுல சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. சுத்தம் பண்ணணும்.

— சத்தத்தோடயே அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்.

— அது சரியா வராது. ஒண்ணு செய்வோமா? எங்க ஆபீஸ்ல வாசிக்கிறவங்க பதினஞ்சு பேரு இருக்கோம். வேற யாரையாவது இன்னைக்கே அந்தப் பாடத்தைப் படிக்கச் சொல்றேன். மூணாம் நம்பர் இருக்காங்கல்ல, நம்ம ஹாஃபிஸா…

— சார், பேரைச் சொல்லிட்டீங்க.

— அட ஆமா. நீ கேக்கல. மூணாம் நம்பர்.

— மூணாம் நம்பர், போற பஸ்ஸைப் புடிக்க ஓடுற மாதிரி படிப்பாங்க. பின்னாடியே நானும் ஓடணும்.

— பதினோராம் நம்பர்?

— அவரு கோயில் மைக்குல அன்னதானத்துக்கு அறிவிப்புக் குடுக்குற மாதிரி படிப்பாரு. ஐந்தாண்டுத் திட்டம் எல்லாம் எனக்கு சாம்பார் வாசனையோடதான் மனசுல இருக்கு. வேணாம் சார். எனக்கு ஏழாம் நம்பர் லாத்தாதான் வேணும்.

— லாத்தாவா?

— அக்காவை நாங்க லாத்தாம்போம். பேரைச் சொல்ல மாட்டேங்குறீங்க, நம்பரைக் குடுக்குறீங்க. நான் என்னன்னு சொல்லிக் கூப்புடுறது?

— அது மேலாபீஸ் போட்ட விதிம்மா. சேவைக்கு வர்ற ஸ்டாஃப் பேரை வெளியில சொல்லக் கூடாதுன்னு.

— டிராக்டர் விக்கிற கம்பெனிக்கு எதுக்கு சார் இவ்வளவு ரகசியம்?

— அதை அவங்கதான் சொல்லணும். முன்னாடி வருஷா வருஷம் மரக்கன்னு நட்டுக்கிட்டு இருந்தோம். பேனரைப் புடிச்சு போட்டோ எடுத்துட்டு நாங்க இந்தப் பக்கம் வருவோம், ஆடு அந்தப் பக்கம் வரும். அப்புறம்தான் பார்வையில்லாத புள்ளைங்களுக்குப் பாடம் படிச்சுப் பதிவு பண்ணிக் குடுப்போம்னு ஆரம்பிச்சது. இதையும் இந்த மாசத்தோட நிறுத்துறாங்க. அடுத்தது வாய்க்கால் தூர்வாருறதாம்.

— அப்ப ஏழாம் நம்பர் லாத்தாவும் மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போயிருவாங்களா?

— …

— சார்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்மா.

— நீங்க பண்றது சேவைதான், நான் அதிகாரம் பண்ணக் கூடாதுதான். ஆனா உங்களுக்கு ஒண்ணு சொல்லணும் சார். மத்தவங்க எல்லாம் 'படத்தைப் பார்க்க'ன்னு படிச்சுட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருவாங்க. நான் எந்தப் படத்தைப் பாக்குறது? லாத்தா மட்டும் அப்புடிப் போக மாட்டாங்க. புவியியல்ல காவிரி வரைபடம் வந்துச்சு. 'இடது கையை விரிச்சு, உள்ளங்கை மேல பாக்க மடியில வச்சுக்க. விரல் எல்லாம் வலது பக்கம் பாக்கட்டும். அங்கிட்டுத்தான் கடல். மணிக்கட்டு கல்லணை, கட்டைவிரல் கொள்ளிடம், ஆள்காட்டி விரல் காவிரி, நடுவிரல் வெண்ணாறு, சுண்டுவிரல் புது ஆறு'ன்னாங்க. நான் பொறந்த கூத்தாநல்லூர் என் நடுவிரல்ல இருக்குன்னு இருபத்தி நாலு வயசுல எனக்குத் தெரிஞ்சுச்சு. அன்னைக்கு ராவெல்லாம் அந்த விரலைப் புடிச்சுக்கிட்டே படுத்திருந்தேன்.

— அதுக்கு நான் அவகிட்ட சண்டை போட்டேன். புத்தகத்துல இல்லாததை ஏன் படிக்கிற, வெட்டிருவேன்னு. வெட்டினா பாருங்கன்னா. மூணு நாள் சோத்தைப் போட்டுட்டுப் பேசாம எந்திரிச்சுப் போயிட்டா.

— சோத்தைப் போட்டுட்டா?

— ம்.

— சார், ஏழாம் நம்பர் உங்க வீட்ல இருக்கவங்களா?

— ஆமாம்மா. செம்மொழின்னு பேரு. ஸ்பேர் பார்ட்ஸ் செக்‌ஷன்ல இருந்தா.

— இவ்வளவு நாளா சொல்லவே இல்லையே நீங்க. போனை அவங்ககிட்ட குடுங்களேன். ஒரே ஒரு நிமிஷம். சலாம் சொல்லிட்டு வச்சுடுறேன். விதி கிதியெல்லாம் நாம ரெண்டு பேரும் மறந்துடுவோம்.

— அவ இல்லம்மா.

— எப்ப வருவாங்க?

— அப்படி இல்லம்மா. ஐப்பசி மழையில காய்ச்சல்னு படுத்தா. அஞ்சு நாள். அவ்வளவுதான்.

— யா அல்லா. சார், இது ஆனி மாசம். மூணு வாரத்துக்கு முன்னாடி கூட லாத்தா குரல்ல பாடம் வந்துச்சு. நான் கேட்டேன். சட்டமன்றம்.

— போன வருஷம் சித்திரையில வண்டியிலேருந்து விழுந்து, கால்ல கட்டுப் போட்டு ஒன்றரை மாசம் வீட்ல இருந்தா. சும்மா உக்காந்திருக்க முடியாதே அவளுக்கு. அடுத்த வருஷம் அந்தப் பொண்ணு பரீட்சை எழுதும், குடிமையியல் வேணும்னு முப்பத்திரண்டையும் ஒரே மூச்சுல படிச்சுப் போட்டுட்டா. மொத்தமா அனுப்புனா நீ திணறிப் போவேன்னு, வரலாறு முடிஞ்சதும் வாரம் ஒண்ணா அனுப்பலாம்னு வச்சிருந்தோம். முதல் பாடம் அனுப்புறதுக்குள்ள அவ போயிட்டா.

— முப்பத்தொரு வாரம் சார். முப்பத்தொரு வாரமும் லாத்தா என்கூட இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். 'நல்லா இருக்காங்களா'ன்னு ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்டேன். 'ம்'னு சொன்னீங்க.

— சொன்னேன். நீ கேக்குறது எனக்கு நல்லா இருந்துச்சும்மா. அவ நல்லா இருக்காளான்னு வேற யாரும் என்னைக் கேக்குறது இல்லையே. சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் கிளம்பிப் போனப்புறம், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு பாடத்தைத் திறப்பேன். திங்கக்கிழமையிலேருந்து அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பேன். முன்னாடி கேட்டதில்ல பாரு, அவ அன்னைக்குத்தான் புதுசா ஏதோ சொல்ற மாதிரி இருக்கும். ஆளுநருக்கு என்னென்ன அதிகாரம்னு என்னைக் கேளு, தூக்கத்துல சொல்லுவேன்.

— கடைசிப் பாடத்துல அவ்வளவு சத்தமா சார்?

— தெரியாது. திறக்கல.

— ஜாஸ்தியா இருக்குன்னு சொன்னீங்களே.

— பொய்யி.

— நெட்டு?

— அதுவும்தான். திறந்துட்டா முடிஞ்சு போயிரும்மா. அதுக்கு மேல, நான் கேக்காத பேச்சுன்னு அவகிட்ட ஒண்ணு கூட மிச்சம் இல்ல. மூணு வாரமா அந்த ஃபைல் பேரை மட்டும் பாத்துட்டு மூடிடுறேன்.

— நீங்களே வச்சுக்கங்க சார். எனக்கு வேணாம். அஞ்சு கேள்விதானே, போனா போவுது.

— அப்படிச் சொல்லாத. கால் வலியோட உனக்குன்னு உக்காந்து படிச்சது அது. நான் பூட்டி வச்சிருக்கேன்னு தெரிஞ்சா அவ என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா. நீ அந்த வேலைக்குப் போயிடணும்னு உன்னைப் பெத்தவளாட்டம் பேசுவா. இப்பவே அனுப்புறேன். நான் திறக்காமலே அனுப்பிடுறேன். நீயே முதல்ல கேளு.

— வேற எதுலயும் அவங்க பேசுனது இல்லையா சார்? போன்ல, கல்யாண வீடியோவுல?

— கல்யாண வீடியோ பூராவும் நாதஸ்வரம்தான் கேக்குது. ஒரே வீடு, ஒரே ஆபீஸ், ஒரே வண்டி. எங்களுக்குள்ள போன்ல பேச என்ன இருக்கு? 'எங்க இருக்கே'ன்னு கேட்டா பின்னாடிதான் உக்காந்திருப்பா.

— பாடமாச்சும் இருக்கே சார்.

— பாடத்துல இருக்குறது வாத்தியாரம்மா ஒருத்திம்மா. திருத்தமா, ஒரு இருமல் இல்லாம. வீட்ல பேசுற செம்மொழி அதுல இல்ல. ஆரம்பத்துல இருந்தா. அப்பல்லாம் சாயங்காலம் அவளை வீட்ல இறக்கி விட்டுட்டு நான் மறுபடி வேலையா வெளியில போயிருவேன், அவ கொல்லைப்பக்கக் கதவைத் திறந்து போட்டுட்டு உக்காந்து படிப்பா. நடுவுல குக்கர் சத்தம் வரும், அடுத்த வீட்டு மாடு கத்தும், நான் திரும்பி வந்தா என்கிட்ட ஏதாவது சொல்லுவா, சிரிப்பா, மறுபடி படிப்பா. அப்படி எட்டுப் பாடம். அப்புறம் உங்க ஹாஸ்டல்லேருந்து கடுதாசி வந்துச்சு. 'ஏழாம் எண் வாசிப்பாளரின் பதிவில் வீட்டுச் சத்தம் அதிகம், மாணவியர் படிக்க இயலவில்லை'ன்னு.

— …

— அதைப் படிச்சுட்டு மூஞ்சி சுண்டிப் போச்சு அவளுக்கு. படிக்கிற புள்ளைங்களுக்கு இடைஞ்சலா இருந்திருக்கேனேன்னு. அன்னையிலேருந்து ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா. ஃபேனைக் கூடப் போட மாட்டா. ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் நான் கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருப்பேன். ரெண்டு வருஷம்மா. எங்களுக்குக் கிடைச்ச சாயங்காலமே அவ்வளவுதான்னு அப்பத் தெரியல.

— அந்த எட்டுப் பாடம் என்னாச்சு சார்?

— நான்தான் உக்காந்து சத்தத்தை எல்லாம் வெட்டுனேன். பாடத்தை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை அழிச்சேன். ரொம்ப பொறுப்பான ஆளு நான். உங்க வார்டன் ஜெயபாரதி மேடத்துக்கும் சொல்லி பழசை அழிக்க வச்சேன். கார்த்திகையில போன் பண்ணிக் கேட்டேன், ஒண்ணாவது மிச்சம் இருக்கான்னு. அன்னைக்கே அழிச்சாச்சேன்னாங்க. யாரோ ஒரு புள்ளை போயி அவங்ககிட்ட குறை சொல்லியிருக்கு. அது மேல கோவப்படக் கூடாது, படிக்கிற புள்ளை. ஆனா இன்னி வரைக்கும் என்னால முடியலம்மா.

— சார், நான் ஒண்ணு சொன்னா போனை வச்சுடாதீங்க.

— என்ன?

— வைக்க மாட்டேன்னு சொல்லுங்க.

— வைக்கல. சொல்லு.

— அந்தப் புள்ளை நான்தான். ஜெயபாரதி மேடத்துக்கிட்ட போயி, சத்தம் தாங்கல, படிக்க முடியலன்னு சொன்னது நான்தான். கடுதாசி எழுத வச்சது நான்தான் சார்.

— நீயா? அவ குரல்தான் வேணும்னு அழிச்சாட்டியம் பண்ற நீயா?

— சத்தம் தொந்தரவா இல்ல சார். அதுதான் இல்ல. ஏழு வயசுல என்னைக் கொண்டாந்து ஹாஸ்டல்ல விட்டாங்க. அத்தா குவைத்துல. உம்மா என் தம்பிமாரோட. ரெண்டு பெருநாளைக்கும் போயிட்டு வருவேன், வந்தவளுக்கு எடம் ஒதுக்கிக் குடுப்பாங்க, அவ்வளவுதான். லாத்தா படிச்சுக்கிட்டே இருப்பாங்க, வாசல்ல வண்டி வந்து நிக்கும். அவங்க குரல் மாறும். படிக்கிற குரல் போயி வேற ஒரு குரல் வரும். நான் பாடத்தை விட்டுட்டு அந்த எடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேப்பேன். ஒருத்தர் வந்து நின்னதும் குரல் மாறுற வீடு எனக்குன்னு ஒண்ணு வேணும்னு கெடந்து அழுவேன். ஒரு வரி மனசுல ஏறல. இது இருந்தா நான் படிக்க மாட்டேன், எந்தக் காலத்துலயும் இந்த ஹாஸ்டலை விட்டு வெளிய போக மாட்டேன்னு பயந்து போயி, சத்தம்னு சொல்லிட்டேன்.

— …

— கதவைச் சாத்துவாங்கன்னு எனக்குத் தெரியாது சார். உங்களை வெளியில உக்கார வைப்பாங்கன்னு சத்தியமா தெரியாது. திட்டுங்க. எதையாவது சொல்லுங்க.

— அழிச்சுட்டியா?

— ஹாஸ்டல் கம்ப்யூட்டர்ல இருந்ததை மேடம் அழிச்சாங்க. அதுக்கு முந்தின நாள் ஒரே ஒரு பாடத்தை என் போன்ல ஏத்திக்கிட்டேன். யாருக்கும் தெரியாது. சொன்ன குறையும் நானே, மறைச்சு வச்சதும் நானே.

— வெட்டாததா?

— வெட்டாதது. பழைய போன் ஒண்ணு இருக்கு, அதுலதான் இருக்கு. இந்தா, தலமாட்டுலேருந்து எடுத்துட்டேன். பாடம் வரலாறு. பதினாலாவது நிமிஷம்.

— ரிஃப்கா.

— சொல்லுங்க சார்.

— வண்டி சத்தமும் வருமா அதுல?

— முதல்ல அதுதான் வரும். போனைக் காதோட ஒட்டி வச்சுக்கங்க. நான் பேச மாட்டேன். போடுறேன்.

— …சோழர் காலத்தில் ஊர்ச் சபைகளின் கீழ் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பல வாரியங்கள்… வந்துட்டீங்களா? இருட்டுறதுக்குள்ள வந்துட்டீங்களே இன்னைக்கு. அங்கேயே நின்னு என்னைப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குப் படிப்பு ஓடாதுங்க. நீங்க உள்ள போங்க, இந்த ஒரு பக்கத்தை முடிச்சுட்டு வந்துடுறேன்.