திருத்தப்பட்ட சோணைமுத்து

என்மீது கொடுக்கப்பட்டுள்ள புகார் மனுவில் பதினான்கு பிழைகள் உள்ளன. அவற்றுள் இரண்டு, மனுதாரரின் சொந்தப் பெயரில் உள்ளன. மனுவின் தொடக்கத்தில் ஒரு முறையும் கையெழுத்தில் ஒரு முறையும் அவர் தம் பெயரைத் தவறாக எழுதியிருக்கிறார். தம் பெயரையே எழுதத் தெரியாத ஒருவர், அந்தப் பெயரை நான் திருடிவிட்டதாகக் குற்றம் சாட்டுகிறார். சார்பு ஆய்வாளர் அவர்களே, இதிலுள்ள முரணைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள்.

எனினும், நடந்ததை நடந்தவாறே எழுதித் தருமாறு கேட்டீர்கள். எழுதுகிறேன். பிழையற்ற வாக்குமூலம் ஒன்றேனும் தங்கள் நிலையத்தில் இருக்கட்டும்.

என் பெயர் மருதுபாண்டி. 1974 முதல் 2005 வரை, ஆர்.எஸ்.மங்கலத்தை அடுத்த ஒரு பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றினேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டு, சிங்கப்பூரில் இருக்கும் என் பழைய மாணவர் முத்தழகு, ஊர்க்காரர்கள் கூடிப் பேசுவதற்காக ‘மங்கலம் மக்கள் மன்றம்’ என்ற ஒன்றை இணையத்தில் தொடங்கினார். பேருந்து நிலையத்திற்கு எதிரே சதக் நடத்தும் பிரவுசிங் சென்டரில் அமர்ந்து அதை முதன்முதலாகப் படித்த அன்று, எனக்கு இரத்த அழுத்தம் கூடிவிட்டது.

ஒருவரும் தம் பெயரில் எழுதவில்லை. ‘கண்மாய் புலி’ என்று ஒருவர். நடுவே ‘ப்’ இல்லை. ‘தொண்டி ரோடு ரவுடி’ என்று ஒருவர். எந்தப் பெயரும் சூட்டிக்கொள்ளாத மற்றவர்களுக்கெல்லாம் பொதுவாக ‘அனானி’ என்று ஒரு சொல். அது எம்மொழிச் சொல் என்பதை இன்றுவரை எவரும் எனக்கு விளக்கவில்லை.

“ஏலே ரவுடி, உங்க தெருவுக்கு மட்டும் ரெண்டு கொழாயாக்கும்?” என்பார் புலி.

“மொதல்ல நீ யாருன்னு சொல்லுலே. பேரு சொல்ல வக்கில்ல, தண்ணி கேக்க வந்துட்டாரு” என்பார் ரவுடி.

இவ்வாறு ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது பதிவுகள். நான் முத்தழகுவைத் தொலைபேசியில் அழைத்து நாற்பது நிமிடங்கள் பேசினேன். “சார், நீங்களே பாத்துக்கங்க சார்” என்று கூறி, அவர் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். பதிவுகளைக் கண்காணிக்கும் அந்தப் பதவிக்கு ‘மட்டுறுத்துனர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓட்டுநர், நடத்துநர் என்பவைபோல அதுவும் ‘மட்டுறுத்துநர்’ என்றே இருக்கவேண்டும். அதுவே என் முதல் ஆணை.

இரண்டாம் ஆணை, உண்மைப் பெயர். தந்தை பெயருடனும் முதலெழுத்துடனும் எழுதாதவர் வெளியேற்றப்படுவார். மூன்றாம் ஆணை, என் பார்வைக்கு வந்து பிழை நீங்கிய பின்னரே எந்தப் பதிவும் வெளியாகும்.

பெயரை மறைத்தவர்களைக் கண்டுபிடிப்பது எனக்குக் கடினமாக இல்லை. மனிதனின் முகம் மாறும், குரல் மாறும், பிழை மாறாது. கண்மாய் புலி, ‘முயற்சி’ என்பதை ‘முயர்ச்சி’ என்று எழுதினார். 1981ஆம் ஆண்டு எட்டாம் வகுப்பு மூன்றாம் பெஞ்சில் இருந்து அதே முயர்ச்சியைச் செய்தவர், இன்று உரக்கடை வைத்திருக்கும் சின்னச்சாமி. அவருடைய பெயரையும் தந்தை பெயரையும் அவ்வாண்டுக் காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணையும் மன்றத்தில் வெளியிட்டேன். தொண்டி ரோடு ரவுடி என்பவர் அங்கன்வாடியில் பணிபுரியும் பூமயில் என்பதை, அவர் வினைமுற்றில் செய்யும் ஒரு தவறைக்கொண்டு நிறுவினேன். அவருடைய கணவர் ஒரு வாரம் அவருக்கு எதிரே அமர்ந்து சாப்பிட அஞ்சினார் என்று கேள்விப்பட்டேன்.

சின்னச்சாமி என்னைக் கடைவீதியில் மறித்தார்.

“வாத்தியாரய்யா, காப்பரிச்சை மார்க்க எதுக்குய்யா போட்டீக? எம் மக அதைப் படிச்சுப்புட்டு, ‘அப்பா நீ ஒம்பது மார்க்கா’ங்குறா.”

“முயற்சி என்று ஒரு முறை எழுதிக் காட்டு. மதிப்பெண்ணை நீக்கிவிடுகிறேன்” என்றேன்.

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒரு மாதத்தில் ஒன்பது பேர் ஆனார்கள். நான்காம் மாதம் மன்றம் முழுமையாகப் பிழையற்றதாயிற்று. ஒரு பதிவும் வரவில்லை.

வெறுமையான வகுப்பறையைப் பார்த்துக்கொண்டு இருப்பது ஆசிரியனுக்கு இயலாது. என்னிடம் பழைய வருகைப் பதிவேடுகள் இருந்தன. நான் எந்தப் பெயரையும் புனையவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் என் கைப்பட எழுதிய உண்மைப் பெயர்களை மட்டுமே, தந்தை பெயருடனும் முதலெழுத்துடனும் மன்றத்தில் சேர்த்தேன். பெயர் உண்மையாக இருக்கவேண்டும் என்றுதான் விதி கூறுகிறது. எழுதுபவரைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். அவர்கள் ‘வல்லினம் மிகா இடங்கள்’ பற்றிப் பதினொரு நாள் கருத்துப் பரிமாறினார்கள். ஒரு வசைச்சொல் இல்லை. மாற்றுக் கருத்துடையவர்கள் ஒருவரையொருவர் ‘அன்பர்’ என்று விளித்தார்கள். “நம்ம ஊரா சார் இது?” என்று முத்தழகு சிங்கப்பூரிலிருந்து நெகிழ்ந்து எழுதினார்.

ஒரே ஒரு சிறு சிக்கல் நேர்ந்தது. சதக் ஒரு நாள் என் திரையை எட்டிப் பார்த்து, “சார், இந்த வீரையா பாம்பு கடிச்சு மவுத்தாகிப் பன்னெண்டு வருசம் ஆச்சே சார்” என்றார்.

“அவருடைய தமிழில் குறை ஏதும் உண்டா?”

“அதெல்லாம் நல்லாத்தான் எழுதுறாரு” என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அந்த நாற்பத்து மூவருள் ஒருவன் சோணைமுத்து. ராக்கு என்ற விவசாயக் கூலிப் பெண்ணின் ஒரே மகன். 1986ஆம் ஆண்டு நான் அவனை ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தி வைத்தேன். அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு நல்லது செய்ய விரும்பி, மன்றத்தில் அவனை மலேசியாவில் மேற்பார்வையாளர் ஆக்கினேன். ஆகுபெயர் பற்றி அவன் எழுதிய பதிவு, நாற்பத்து மூவர் எழுதியவற்றுள் தலைசிறந்தது என்பது என் கருத்து.

செய்தி ராக்குவின் காதுக்கு எப்படியோ போய்விட்டது. பொங்கல் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, வயலிலிருந்து நேராக, காலில் சேறு காயாமல், அவர் பிரவுசிங் சென்டருக்குள் வந்து நின்றார்.

“எம் மகன் கம்பூட்டருல பேசுறானாமுல்ல. நெசமா வாத்தியாரய்யா?”

சதக் என்னைப் பார்த்தார். “ஆம்” என்றேன். அது ஒரு சொல். அதில் பிழை இல்லை.

“சாப்புட்டானான்னு கேளுங்கய்யா.”

நான் தட்டச்சு செய்தேன். பிறகு பக்கத்துக் கணினிக்கு மாறி அமர்ந்து பதிலையும் தட்டச்சு செய்தேன். மீண்டும் முதல் கணினிக்கு வந்து படித்துக் காட்டினேன். “அன்புள்ள அன்னையே, உணவருந்தினேன். தாங்கள் உணவருந்தினீர்களா?”

“யாரய்யா அன்னை?”

“தாங்கள்தான்.”

“என்னைய ஆத்தான்னுல்ல கூப்புடுவான். வெளிநாடு போயிக் கெட்டுப்போயிட்டானா?”

“திருந்தியிருக்கிறான்” என்றேன்.

ஒவ்வொரு செவ்வாயும் அவர் வந்தார். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டதையும், மேற்கு ஓரத்தில் கூரை ஒழுகுவதையும் சொல்வார். ஆடு ஈன்றது குறித்து மகிழ்ச்சியும், கூரை குறித்துக் கவலையும் மகன் தெரிவிப்பான். “எப்ப வாரான்?” என்று கேட்டபோதெல்லாம், “உரிய காலத்தில் வருவேன்” என்று விடையளித்தான். “எம் மகன்கூடப் பேசுனா ரேடியாவுல செய்தி கேக்குறாப்புல இருக்கு தம்பி” என்று அவர் சதக்கிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சதக்தான் ஒரு நாள், “சார், வேணாம் சார். அது பாவம் சார்” என்றார்.

“‘அது’ அஃறிணை. ‘அவர்’ என்று சொல்லுங்கள்” என்றேன்.

சித்திரை மாதத் தொடக்கத்தில், ராக்கு என் அருகே அமர்ந்திருந்த பொழுதில், என் ஒப்புதலுக்காக ஒரு பதிவு வந்தது. எழுதியவர், மனுவின்படி, திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்பவர். அங்கே புதிதாகச் சேர்ந்த நம் ஊர்க்காரர் ஒருவர், “நீ மலேசியாவுல மேனேசராமுல்ல?” என்று அவரிடம் கேட்டாராம். பதிவை அவ்வாறே தருகிறேன். பிழைகளுக்கு நான் பொறுப்பல்லேன்.

‘நாந்தான் உன்மையான சோனைமுத்து. அங்க எழுதுறது நான் இல்ல. ஆத்தா எனக்கு உன் நியாபகமாவே இருக்கு. சித்திரை கடைசில ஊறுக்கு வாரேன்.’ கீழே ஒரு தொலைபேசி எண்.

சோணை என்பது தெய்வத்தின் பெயர். அதற்கு மூன்று சுழி ணகரம். சோனை என்பது விடாமல் பெய்யும் மழை. அதற்கு இரண்டு சுழி. பதிவேட்டில் இருப்பவன் சோணைமுத்து. சோனைமுத்து என்ற பெயரில் என்னிடம் எவரும் பயிலவில்லை. எனவே, ‘போலிப் பெயர்’ என்று காரணம் குறித்து அந்தப் பதிவை நிராகரித்தேன்.

“ஷிப்ட் அமுக்காம அடிச்சா ரெண்டு சுழிதான் சார் வரும்” என்றார் சதக்.

ராக்குவுக்கு எழுத்தறிவு இல்லை. திரையை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் அதே மனிதர் ஆறு முறை சேர முயன்றார்; ஆறு முறையும் தடை செய்தேன். ஒருதலையாக நடப்பதாகப் பேச்சு வரக்கூடாது என்று மன்றத்தில் வாக்கெடுப்பும் நடத்தினேன். மலேசியாவிலிருந்து சோணைமுத்துவே அந்தப் போலியைக் கண்டித்து உருக்கமாக எழுதினான். நாற்பத்து மூவரும் வாக்களித்தார்கள். முடிவு ஒருமனதாக இருந்தது.

பதிவில் இருந்ததைச் சதக் ராக்குவிடம் சொல்லியிருக்க வேண்டும்; அடுத்த செவ்வாய் அவர் ஒரு தூக்குச்சட்டியுடன் வந்தார். அவருடைய மகன் பள்ளிக்குச் சோறு கொண்டுவந்த சட்டி. அதன் வயிற்றில் அவனே ஆணியால் தன் பெயரைக் கீறியிருந்தான். ஏழாம் முறையாக வந்திருந்த பதிவு திரையில் இருந்தது. அவர் சட்டியைத் திரையோடு ஒட்டிப் பிடித்து, விரல் வைத்துச் சுழிகளை எண்ணினார். பிறகு மலேசியாக்காரனின் பெயரைக் காட்டச் சொல்லி, அதையும் எண்ணினார்.

“இவனுக்கு ஒரு சுழி கூட இருக்கு. இவன் எம் புள்ள இல்ல. இந்தா, இவன்தான்.”

“ஷிப்ட் இல்லாத காலத்துச் சட்டி சார்” என்றார் சதக்.

“அம்மா, இது பிழை” என்றேன்.

“பிழையோ கிழையோ, அது நான் பெத்தது. போனு நம்பரு இருந்தாச் சொல்லுங்கய்யா.”

நான் அழி என்ற பொத்தானை அழுத்தினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுத்தினேன். எதையும் மறைத்துச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. தூக்குச்சட்டி என் மேசைமீது சற்று ஓசையுடன் வைக்கப்பட்டது. சதக் அதற்குள் எண்ணைத் தம் உள்ளங்கையில் குறித்துவிட்டார் என்பது பின்னர்தான் தெரிந்தது. திருப்பூரிலிருந்து அந்த மனிதரே வந்து இறங்கிவிட்டார். இப்பொழுது மனுவும் வந்துவிட்டது.

தாங்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே. திருப்பூரிலிருந்து எழுதியவர் உண்மையான சோணைமுத்து என்பது எனக்கு அப்பொழுதே தெரியுமா? தெரியும். முதல் வரியில் ஐயம் இருந்தது; கடைசி வரியில் தெளிந்தேன். முப்பத்தோராண்டுகளில் ‘ஊருக்கு’ என்பதை வல்லின றகரமிட்டு ‘ஊறுக்கு’ என்று எழுதியவன் அவன் ஒருவனே.

கடைசியாக அவன் அதை எழுதியது 1987ஆம் ஆண்டு, தாய்க்கு அனுப்பிய கடிதத்தில். ராக்கு அதைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தார். ‘ஊறுக்கு வரனும் போல இருக்கு ஆத்தா, வரச் சொன்னா வாரேன்’ என்று இருந்தது. ஒரு பக்கத்தில் இருபத்தாறு பிழைகள். சிவப்பு மையால் திருத்தி, நூற்றுக்கு இருபத்தெட்டு என்று மதிப்பெண் இட்டு, ‘ஊறு என்றால் தீங்கு. திருத்தி எழுதி அனுப்புக’ என்று குறித்து, உறையில் இருந்த முகவரிக்கே அனுப்பிவிட்டேன். திருத்திய தாளை மாணவனிடம் திருப்பிக் கொடுப்பது ஆசிரியனின் கடமை. “நல்லபடியாக எழுதி அனுப்புவான், காத்திருங்கள்” என்று ராக்குவிடம் கூறினேன். அவர் காத்திருந்தார். முகவரியை நான் குறித்து வைக்கவில்லை. அவன் மறுபடி எழுதுவான் என்று நம்பினேன்.

‘ஆத்தாதான் என்னை வேண்டாம்னு லெட்டரை திருப்பி அனுப்பிருச்சுனு இருபது வருசமா என்னி இருந்தேன்’ என்று மனுதாரர் எழுதியிருக்கிறார். ‘எண்ணி’ என்பதிலும் மூன்று சுழி வரவேண்டும்.

வருந்துகிறேனா என்று கேட்டீர்கள். நேற்று என்னிடம் படிக்கக் கொடுத்த புகாரின் நகலைப் பதினான்கு இடங்களிலும் சிவப்பு மையால் திருத்தி, திருத்தி எழுதிக் கொடுக்குமாறு மனுதாரருக்கே அனுப்பிவிட்டேன். பெயரில் இரண்டு இடத்திலும் விடுபட்ட சுழியைச் சேர்த்திருக்கிறேன். இனி அவரை அடையாளம் காண்பதில் அவருடைய தாய்க்கு எந்தச் சிரமமும் இராது.