நுரை அடங்கிய பிறகு

கிரிவலம் வருகிறவர்கள் செருப்புப் போட மாட்டார்கள், ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அடி அண்ணாமலையில் என் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் அண்டா வைத்து மோர் கொடுக்கிறேன். இந்தப் பௌர்ணமி காலையில் பார்த்தால், வாசலில் நிற்கும் என் பழைய காருக்கு அடியில் ஈரம். பேட்டரி உப்பி, வெடித்து, ஆசிட் சிமென்ட் தரையில் இறங்கியிருந்தது. சாயங்காலம் அத்தனை வெறுங்காலும் மோருக்கு அங்கேதான் வந்து நிற்கும். நான் சும்மா இருக்க முடியுமா?

மெக்கானிக் மாறனை வரவழைத்தேன். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு பேட்டரியைக் கழற்றினான். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தரையில் ஊற்றினான். புஸ்ஸென்று நுரைத்தது. நுரை அடங்கும்வரை ஊற்றி, துணியால் ஒற்றிப் பக்கெட்டில் பிழிந்தான்.

"அவ்ளோதான் பெரிசு. ஆசிட் செத்துப்போச்சு. இனிமே சார்ஜ் ஜாஸ்தி போடாத, உப்பாது."

"யாருக்காச்சும் கால் வெந்துட்டா?"

"யோவ், நுரை நின்னுடுச்சுல்ல? இத மோராட்டம் குடிக்கலாம்யா."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே சொல்கிறவனை நான் என்றைக்கும் நம்பினதில்லை.

நானே தரையில் நின்று பார்த்திருக்கலாமே என்பீர்கள். எனக்குச் சர்க்கரை, காலில் புண் வந்தால் ஆறாது. சாமி கும்பிட வருகிறவர்களை நிற்க வைத்துப் பார்ப்பது பாவம். சொன்னவன் எதிரில் இருந்தான். எப்படிச் சோதிக்கலாம் என்பதையும் அவனே சொல்லியிருந்தான்.

கை கழுவிவிட்டு வந்தவனுக்கு, அவன் துணியிலிருந்து பிழிந்த பக்கெட் தண்ணீரில் மோர் கலந்து, கொத்தமல்லி கிள்ளிப் போட்டுக் கொடுத்தேன். வெயிலில் வேலை செய்தவன், ஒரே மடக்கில் குடித்தான்.

"இன்னா பெரிசு, உப்பு ஜாஸ்தி."

கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். என் வீட்டுக்காரி எல்லம்மாள், "யோவ், ஆளு வெளுத்துட்டான்யா, ஆட்டோவக் கூப்புடு" என்று கத்தினாள். அவளையே ஆட்டோ பிடிக்க அனுப்பினேன். வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டு நடிக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு தடவையில் எதையும் முடிவுகட்டக் கூடாது. தலையைத் தூக்கிப் பிடித்து இரண்டாவது டம்ளரையும் நான்தான் ஊற்றினேன்.

ஆஸ்பத்திரி போகும் வழியில் செத்துவிட்டான். அவன் பேச்சை இனி எதற்கு நம்ப வேண்டும்? சாயங்காலம் அண்டாவைப் பாதைக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்து மோர் கொடுத்தேன். ஒருத்தர் காலும் வேகவில்லை, ஐயா.