பதினேழு ஒண்ணு

மதிவதனி: கம்பெனி பஸ்ஸு போய்டுச்சி.

செந்தமிழன்: ஹாரன் அடிச்சானே... காதுல விழல?

மதிவதனி: விழுந்துச்சி. இன்னிக்கு லீவு சொல்ட்டேன்.

செந்தமிழன்: கல்யாணம் ஆன மூணாம் நாளே ஷிஃப்டுக்குப் போனவ நீ. இப்ப இன்னா லீவு?

மதிவதனி: புருஷன்கூட வூட்ல இருக்கலாம்னு தோணுச்சி. ஏன், உன் கணக்குக்கு எடஞ்சலா?

செந்தமிழன்: அப்டி இல்ல...

மதிவதனி: பதினேழு ஒண்ண வரிசையா எழுதி வச்சிக்கினு ரெண்டு வருஷமா வகுத்துக்கினு கீற. எங்க லைன்ல கேக்கறாளுங்க, உன் வூட்டுக்காரர் இன்னா பண்றாருன்னு. கணக்குப் போடறார்னா, ஆடிட்டரான்றாளுங்க.

செந்தமிழன்: கம்பெனி பிரஸ் மெஷின்ல வலது கைய பறிகுடுத்தவன் வேற இன்னா பண்ணுவான்? படிச்சது பிஎஸ்சி மேத்ஸ். இடது கையால இதயாவது...

மதிவதனி: எல்லா நம்பராலயும் வகுத்துப் பாக்கணுமா?

செந்தமிழன்: வேணாம். அதுக்கு ஒரு விதி கீது, வகுக்கற நம்பர முப்பத்துநாலால வகுத்தா ஒண்ணு மீதி வரணும். அந்த மாதிரி பகா எண் மட்டும் போதும். அதுவே ஆயிரக்கணக்குல கீது.

மதிவதனி: இப்ப எங்க வந்துகீற?

செந்தமிழன்: இருபது லட்சத்து எழுபதாயிரம் தாண்டிட்டேன். போன வருஷமே வந்திருப்பேன். நோட்டுல அங்கங்க தாளக் காணோம், மறுபடியும் போட வேண்டியதாப் போச்சி. எலி...

மதிவதனி: எலி இல்ல. நான்தான் கிழிச்சேன்.

செந்தமிழன்: ...நீயா? ஏன்?

மதிவதனி: இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூத்தி இருபத்திமூணு. அதுதான வகுக்கும்?

செந்தமிழன்: அது உனக்கு எப்டித் தெரியும்?

மதிவதனி: ஆஸ்பத்திரிலருந்து வந்த வாரமே போன்ல பாத்து, மொத நோட்டு கடைசித் தாள்ல எழுதி வச்சிகீற. அதுக்குக் கீழ... 'இது வரும்வரை இருப்பது. அதன் பிறகு போதும்.'

செந்தமிழன்: அதப் படிச்சிட்டா இத்தினி நாளு ஒண்ணும் சொல்லாம சோறு போட்ட?

மதிவதனி: கேட்டா, கணக்கு முடியற வரைக்கும்கூட இருக்கமாட்டியோன்னு பயம். கிழிச்சா நாளு தள்ளிப்போவும், எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

செந்தமிழன்: இன்னும் நாலஞ்சு வகுத்தல்தான் மதி. இன்னிக்கு வந்துடும்.

மதிவதனி: தெரியும். நேத்து நோட்டப் பாத்தேன். அதான் பஸ்ஸ வுட்டேன்.

செந்தமிழன்: சட்டைக்குப் பட்டன் போட நீ வர்ற வரைக்கும் உக்காந்துகீறேன். என்னால... முடியலடி.

மதிவதனி: இத எங்கிட்ட சொல்ல ரெண்டு வருஷமா?

செந்தமிழன்: சொன்னா இன்னா பண்ணிருப்ப? எத்தினி நாளு லீவு போடுவ? நாளைக்கு இன்னா பண்ணுவ?

மதிவதனி: நாளைக்கு ரெண்டு பேரும் காஞ்சிபுரம் போறோம். மனசுக்குப் பாக்கற டாக்டராண்ட சொல்லிட்டேன். வந்து பத்தொம்போது ஒண்ணு எழுதி ஆரம்பி. நானும் போன்ல பாத்தேன்... அத எந்த நம்பரும் வகுக்காதாம்.